மெடிக்கல் அசிஸ்டெண்ட் கோர்ஸ்: கலிபோர்னியாவில் கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஊரில் டிஎம்எல்டி (மருத்துவ ஆய்வக டிப்ளமோ), மைக்ரோபயாலஜி, நர்சிங் என்று ஏதோ ஒன்றைப் படித்துவிட்டு, இங்கே அமெரிக்கா வந்து எச்4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் மனைவிக்குக் கிடைப்பது) வருடக்கணக்கில் வீட்டிலேயே இருந்து, கிரீன் கார்டு வந்ததும் சீக்கிரம் ஒரு வேலைக்குப் போய்விட வேண்டும் என்று தவிக்கிற பெண்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. நானும் டிஎம்எல்டி படித்தவள். 2024 கடைசியில், சாக்ரமெண்டோ பக்கம் ஒரு தனியார் பயிற்சிக் கல்லூரியில் மெடிக்கல் அசிஸ்டெண்ட் (கிளினிக்கில் டாக்டருக்கு உதவுபவர்) சர்டிபிகேட் படிப்பில் சேர்ந்தேன். கட்டணம் 19,800 டாலர். சேர்வதற்கு முன் அங்கே எனக்குச் சொல்லப்பட்டவற்றில் முக்கால்வாசி பொய், மீதி அரைகுறை உண்மை. தனியார் கல்லூரிகளைக் கண்காணிக்கும் மாநில அலுவலகத்தில் என் புகார் நிலுவையில் இருப்பதால் கல்லூரியின் பெயரைப் போடவில்லை. பெயரைவிட அவர்கள் பேசும் விதத்தைத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம், ஏனென்றால் இதே பேச்சை வேறு பெயரில் உங்களிடமும் பேசுவார்கள்.

அவர்களுடைய இணையதளத்தில் கட்டணம் எளிதில் கண்ணில் படாது. போன் நம்பரைக் கொடுத்தால்தான் விவரம். கொடுத்த அன்றைக்கே அட்மிஷன் ஆலோசகர் கூப்பிட்டார், அப்புறம் விடவே இல்லை. மொத்தம் எவ்வளவு என்று கேட்டால் மாதத் தவணையைச் சொல்வார். சம்பளம் என்ன கிடைக்கும் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இன்னும் அப்படியே நினைவிருக்கிறது: "மணிக்கு 23 டாலருக்குக் குறைத்து யாரும் கொடுக்க முடியாது. கலிபோர்னியாவில் அதற்குச் சட்டமே வந்துவிட்டது."

சட்டம் வந்தது உண்மைதான். சுகாதாரத் துறை ஊழியர்களுக்கான தனிக் குறைந்தபட்ச ஊதியம் 2024 அக்டோபரில் அமலுக்கு வந்தது. ஆனால் அந்த 23 டாலர் அப்போது பெரிய மருத்துவமனைக் குழுமங்களுக்கு இருந்தது. மற்ற இடங்களுக்கு 21, 18 என்று வேறு வேறு படிகள் இருந்தன. ஒன்றிரண்டு டாக்டர்கள் சேர்ந்து நடத்தும் சிறிய கிளினிக்குகள் இந்தச் சட்டத்துக்குள்ளேயே வராது. அங்கே 2025இல் மாநிலத்தின் பொதுவான குறைந்தபட்ச ஊதியமான 16.50 டாலர் கொடுத்தாலே போதுமாக இருந்தது. புதிதாகப் படித்து வருகிறவர்களைத் தயங்காமல் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் இந்தச் சிறிய கிளினிக்குகள்தான். எனக்குக் கிடைத்தது மணிக்கு 19 டாலர், வாரம் 32 மணி நேரம். மருத்துவக் காப்பீடு கிடையாது.

இப்போது கடன் கணக்கு. மத்திய அரசின் கல்விக் கடனில் முதல் வருட மாணவர் எடுக்கக்கூடிய உச்சவரம்பு, திருமணமானவர்களுக்கு 9,500 டாலர். அதை 6.53 சதவீத வட்டிக்கு எடுத்தேன். கணவர் சம்பளத்தைக் கணக்கில் எடுத்ததால் பெல் கிராண்ட் என்ற உதவித்தொகை கிடைக்கவில்லை. மீதி 10,300 டாலருக்குக் கல்லூரியே கைகாட்டிய ஒரு தனியார் கடன் நிறுவனம், 13 சதவீத வட்டி, கணவர் ஜாமீன் கையெழுத்து. முதலாவதை பத்து வருடத்தில் அடைக்க மாதம் 108 டாலர். இரண்டாவதை ஐந்து வருடத்தில் அடைக்க மாதம் 234 டாலர். சேர்த்து 342. கடைசியில் நாங்கள் கட்டி முடிக்கப்போவது ஏறக்குறைய 27,000 டாலர்.

வாரம் 32 மணி நேரத்துக்கு என் வருடச் சம்பளம், வரி பிடிப்பதற்கு முன், சுமார் 31,600. தவணை மட்டும் வருடத்துக்கு 4,100. அதாவது 13 சதவீதம். இது எவ்வளவு மோசம் என்பதற்கு ஒரு அளவுகோல் இருக்கிறது. இந்த மாதிரி தொழில் படிப்புகளுக்காக மத்திய கல்வித் துறை 2023இல் வெளியிட்ட விதியில், படித்து முடித்தவர்களின் கடன் தவணை அவர்கள் வருடச் சம்பளத்தில் 8 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்பது ஒரு முக்கியச் சோதனை. வீட்டிலேயே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு காகிதம், ஒரு கால்குலேட்டர் போதும். ஆனால் சம்பளத்தை உயர்த்தியும் கட்டணத்தைத் தவணையாக நறுக்கியும் சொல்கிற ஒருவரிடமிருந்து எண்களை வாங்கினால் கணக்கு எப்படிச் சரியாக வரும்?

கம்யூனிட்டி காலேஜ் (குறைந்த கட்டணத்தில் நடக்கும் அரசுக் கல்லூரி) பற்றி நான் கேட்காமல் இல்லை. "அங்கே வெயிட்டிங் லிஸ்ட். உள்ளே போகவே இரண்டு வருடம் ஆகும். அதற்குள் நீங்கள் இங்கே படித்து முடித்துச் சம்பாதிக்க ஆரம்பித்துவிடுவீர்கள்" என்றார். நர்சிங் படிப்புக்கு அப்படி ஒரு காத்திருப்பு பல இடங்களில் உண்டு. அதை எடுத்து மெடிக்கல் அசிஸ்டெண்ட் படிப்பின் மேல் ஒட்டிவிட்டார். பிறகு எங்கள் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜுக்குப் போன் செய்தபோது அடுத்த செமஸ்டருக்கு இடம் இருப்பதாகச் சொன்னார்கள். கலிபோர்னியாவில் வசிப்பவர்களுக்கு அங்கே ஒரு யூனிட்டுக்கு (படிப்பை அளக்கும் அலகு) கட்டணம் 46 டாலர். 30 யூனிட் சர்டிபிகேட் என்றால் 1,380 டாலர். புத்தகம், யூனிபார்ம், தடுப்பூசி, பின்னணிச் சோதனை எல்லாம் தனி. அப்படியே எல்லாவற்றையும் கூட்டினாலும் நான் கட்டியதன் பக்கத்தில்கூட வராது. வருமானம் குறைந்த குடும்பம் என்றால் கலிபோர்னியா காலேஜ் பிராமிஸ் கிராண்ட் மூலம் அந்த 46 டாலரும் தள்ளுபடி. 1,380க்குக் கிடைப்பதை 19,800க்கு விற்றார்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

வேலைவாய்ப்பு விஷயத்துக்கு வருகிறேன். "எங்கள் மாணவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு வேலை" என்றார்கள். கலிபோர்னியாவில் தனியார் உயர்கல்விக்கான மாநில அலுவலகத்தின் கட்டுப்பாட்டில் வரும் கல்லூரிகள், சேர்வதற்கு முன்பே ஒரு செயல்திறன் தாளை மாணவரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, என்ன சம்பளம் எல்லாம் அதில் இருக்கும். எனக்கும் கொடுத்தார்கள், டேப்லெட்டில், மற்ற பக்கங்களோடு பக்கமாக. ஆலோசகர் பக்கத்தில் உட்கார்ந்து விரலால் தள்ளிக்கொண்டே கையெழுத்து இடங்களை மட்டும் காட்டினார். நிறுத்திப் படிக்கப் போனபோது, "இது மாநிலம் கேட்கிற சம்பிரதாயம்" என்றார். பிற்பாடு பிரதி கேட்டு வாங்கிப் பார்த்தேன். வேலை கிடைத்தவர்களை வாரம் 20 முதல் 29 மணி நேரம், 30 மணிக்கு மேல் என்று இரண்டாகப் பிரித்துப் போட்டிருந்தது. பாதிக்கும் மேற்பட்டவர்கள் முதல் வகை. வாயால் சொன்ன பத்துக்கு ஒன்பது அந்தத் தாளில் எங்குமே இல்லை.

அங்கீகாரத்தில் நடந்தது இதைவிடப் பெரிய வஞ்சனை. "நாங்கள் அங்கீகாரம் பெற்ற கல்லூரி" என்பது பொய் இல்லை. கல்லூரிக்கு அங்கீகாரம் இருந்தது, அதனால்தான் மத்தியக் கடனே கிடைத்தது. ஆனால் சிஎம்ஏ என்ற மெடிக்கல் அசிஸ்டெண்ட் சான்றிதழ்த் தேர்வுக்கு நேரடியாக உட்கார, நாம் படிக்கிற அந்தப் படிப்புக்கே தனியாக சிஏஏஹெச்இபி அல்லது ஏபிஹெச்இஎஸ் என்ற அமைப்பின் அங்கீகாரம் இருக்க வேண்டும். எங்கள் படிப்புக்கு இரண்டும் இல்லை. சிசிஎம்ஏ என்ற இன்னொரு தேர்வை எழுதிப் பாஸ் செய்தேன். அதுவும் மதிப்புள்ளதுதான். ஆனால் சிஎம்ஏ வேண்டும் என்று கேட்ட இடங்களுக்கு என்னால் விண்ணப்பிக்கவே முடியவில்லை. கிரெடிட் கதையும் இதேதான். "பிறகு நர்சிங் போனால் இங்கே படித்த இந்த கிரெடிட்டெல்லாம் அங்கேயும் செல்லும்" என்றார்கள். கம்யூனிட்டி காலேஜ் கவுன்சிலர் என் மார்க் பட்டியலைப் பார்த்துவிட்டு, ஒரு யூனிட்கூட எடுத்துக்கொள்ள முடியாது என்று வருத்தத்தோடு சொன்னார்.

எக்ஸ்டர்ன்ஷிப் என்ற நேரடிப் பணிப் பயிற்சி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மருத்துவமனை என்று சொல்லி, உடல் எடை குறைக்கும் கிளினிக் ஒன்றுக்கு அனுப்பினார்கள். சம்பளம் இல்லாமல் 160 மணி நேரம், பெரும்பாலும் போன் எடுத்ததும் கோப்பு அடுக்கியதும். ஊசி போட்டது விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான்.

பாடம் எடுத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ரத்தம் எடுப்பதும் ஈசிஜி வைப்பதும் சொல்லிக்கொடுத்த ஆசிரியை அத்தனை பொறுமையானவர். இந்த வேலையும் நல்ல வேலை, எனக்குப் பிடித்திருக்கிறது. நோயாளி உள்ளே வந்ததும் பிபி பார்த்து, என்ன செய்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்கிற அந்த முதல் ஐந்து நிமிடம் எனக்கு நிறைவாக இருக்கிறது. அதற்கு இந்த விலை வைத்ததைத்தான் தாங்க முடியவில்லை.

இது புதிய தந்திரமும் இல்லை. கலிபோர்னியாவின் சான்டா அனாவைத் தலைமையிடமாகக் கொண்ட கொரிந்தியன் காலேஜஸ் என்ற நிறுவனம், எவரெஸ்ட், ஹீல்ட் என்ற பெயர்களில் இதே மெடிக்கல் அசிஸ்டெண்ட் படிப்பை நாடெங்கும் விற்றது. வேலைவாய்ப்புக் கணக்கைத் திரித்துச் சொன்னதாகக் கலிபோர்னியா அரசு 2013இல் வழக்குப் போட்டது. 2015 ஏப்ரலில் மிச்சமிருந்த கிளைகளையும் ஒரேயடியாக மூடிவிட்டார்கள். அங்கே படித்த 5,60,000 பேரின் 580 கோடி டாலர் மத்தியக் கடனை ரத்து செய்வதாக அரசு அறிவித்தது 2022 ஜூனில். ஏழு வருடம்! அதுவும் மத்தியக் கடன் மட்டும். தனியார் கடன் அந்த அறிவிப்பில் சேரவில்லை. என் 10,300 டாலரும் அந்த வகைதான். எச்4இல் இருப்பவர்களுக்கு மத்தியக் கடனே கிடையாது என்பதால் அவர்கள் எடுப்பது முழுவதும் தனியார் கடனாகத்தான் இருக்கும். அவர்கள் இன்னும் அதிகமாக யோசிக்க வேண்டும்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்ட சகோதரிகளுக்கு ஒரு வழி இருக்கிறது. நான் சொன்ன தனியார் உயர்கல்விக்கான மாநில அலுவலகத்தின் கட்டுப்பாட்டில் உள்ள கல்லூரி என்றால், முதல் வகுப்பு முடியும் வரை அல்லது சேர்ந்த ஏழாவது நாள் வரை, இரண்டில் எது பிந்தியதோ அதுவரை ரத்து செய்யலாம். பதிவுக் கட்டணமாக ஒரு சிறு தொகையை மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். அந்த நாள் தாண்டிவிட்டாலும், படிப்பில் 60 சதவீதத்துக்கு மேல் போகாதவரை நடக்காத பகுதிக்கான பணம் விகிதப்படி திரும்பக் கிடைக்கும். போனில் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள், எழுத்தில் கொடுங்கள். தேதி போட்டுப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள். ஆலோசகர் திரும்பக் கூப்பிட்டு மனதை மாற்றப் பார்ப்பார். கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டதா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுங்கள்.