நடித்துவிட்டு இயக்குவதா, உதவி இயக்குநராக நுழைவதா?

காரைக்குடியில் அக்கா மகனுக்கு இதே யோசனைதான். ஒரே படத்தில் இரண்டு வழிக்கும் ஆள் இருக்கிறார்கள்: 1960-ல் ஏவி.எம். எடுத்த 'களத்தூர் கண்ணம்மா'. பரமக்குடியில் பிறந்த கமல்ஹாசன் அதில் குழந்தை நட்சத்திரம். நம்மூர் எஸ்.பி.முத்துராமன் உதவி இயக்குநர்.

கமல் அங்கிருந்து நேரே கதாநாயகனாகிவிடவில்லை. டி.கே.எஸ். நாடகக் குழு, பிறகு தங்கப்பன் மாஸ்டரிடம் நடன உதவியாளர், அப்புறம்தான் வேடங்கள். தமிழில் அவர் இயக்கிய முதல் படம் 'ஹே ராம்' வந்தது 2000-ல். 40 வருஷம்! ஆனால் அதற்குள் நடனம், ஒப்பனை, திரைக்கதை எல்லாம் கைக்குள் வந்திருந்தது, தயாரிப்பாளரும் அவரே.

முத்துராமன் எடிட்டிங்கில் தொடங்கியவர். 1972-ல் இயக்குநராகி 'கனிமுத்து பாப்பா', 1982-ல் கமலையே வைத்து 'சகலகலா வல்லவன்'.

போன வருஷம் கானாடுகாத்தான் வீட்டு வளவில் (உள்முற்றத்தில்) ஷூட்டிங் பார்த்தேன். நடிகர் மின்விசிறிக்கு அடியில். உதவி இயக்குநர் பையன் ஆத்தங்குடிக் கல் தரையில் முட்டிபோட்டு, அவர் நிற்க வேண்டிய இடத்துக்குச் சாக்பீஸால் குறி போட்டுக்கொண்டிருந்தான். தொழில் தெரிவது அந்த முட்டியில்தான் என்பது என் கட்சி. முகராசி இருந்தால் முதல் வழி. நம்ம பையனுக்கு இரண்டாவதே சரி.

"ரெண்டும் வேணாம், பாங்குப் பரீட்சை எழுதுடா" என்கிறார் ஆச்சி.