பிரெஞ்சுப் பீங்கான் உருவ மைக்கூடு: வாங்கலாமா?

யாழ்ப்பாண நகரின் பழம்பொருள் கடையொன்றில் இருக்கும் இந்த மைக்கூடு 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பாணி. தலைப்பாகை கட்டி, காலை மடக்கி அமர்ந்திருக்கும் ஒருவர். இடுப்புக்கு மேற்பகுதியைத் தூக்கினால் உள்ளே மைக்கு இடம். அருகே பேனை செருக இரண்டு துளைகள், எழுத்தின் ஈரம் உறிஞ்சத் தூள் தூவும் சிறு கிண்ணம். எழுதாத நேரம் மை கண்ணில் படாது, மேசையில் தெரிவது சிலை மட்டுமே. அந்த வேலையை இது இன்றும் அழகாகச் செய்கிறது. முகத்தின் தீட்டல் அருமை, இமை மயிர்கூடத் தனித்தனியாகத் தெரிகிறது.

அடியில் நீல நிறத்தில் ஜே.பி. என்றிருக்கிறது. அது பிரெஞ்சுப் பீங்கான் தயாரிப்பாளர் ஜேக்கப் பெத்தியின் (1796–1868) அடையாளம். ஆனால் பிறரும் அதைப் போட்டிருப்பதால் அதை மட்டும் நம்பி விலை பேசக்கூடாது. 1845இல் பாரிஸில் தொடங்கிய சாம்சன் நிறுவனம் பழைய பீங்கான்களைப் போலச் செய்வதையே தொழிலாகக் கொண்டிருந்தது.

பெரிய குறை, மை ஊற்றும் உட்குடுவை இல்லை. அது இல்லாமல் நேரடியாக மை ஊற்றியதால் உள்விளிம்பில் மயிரிழை வெடிப்பு கறுத்துவிட்டது. இரும்பு உப்பு கலந்த பழைய மை ஒருமுறை வெடிப்பில் இறங்கினால் எடுப்பது மிகக் கடினம். ஆகவே சொல்லும் விலை இதற்கு அதிகம். குறைத்தால் மட்டும் வாங்கலாம்.

வாங்குமுன் விரலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். மந்தமாகச் சத்தம் வந்தால் வெடிப்பு இருக்கக்கூடும். காசுத்தாள் சோதிக்கும் ஊதா டோர்ச்சைக் கழுத்து, கைவிரல், தலைப்பாகை நுனியில் அடியுங்கள். ஒட்டிப் பூசிய இடம் பெரும்பாலும் வேறு நிறத்தில் ஒளிரும். மேற்பகுதி அடியோடு ஆடாமல் பொருந்துகிறதா, இரண்டின் வெள்ளையும் ஒன்றா என்பதையும் பாருங்கள். வேறு உருவத்தின் தலை வைத்து விற்பதும் உண்டு.

தண்ணீரில் அமிழ்த்தவே வேண்டாம். உள்ளே வெற்றிடமான உருவங்களில் சூளையில் காற்று வெளியேறச் சிறு துளை விடுவார்கள். அதன் வழியே நுழையும் நீர் இலகுவில் வெளியே வராது. நமது கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகம், காய்ந்ததும் வெள்ளை படியும். பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரில் பஞ்சை நனைத்துத் துடைத்தால் போதும். பொன்பூச்சு மினுக்குக்கு (பீங்கானின் கண்ணாடிப் பூச்சுக்கு) மேலே குறைந்த சூட்டில் சுட்டது, தேய்த்தால் போய்விடும். அங்கே மென்தூரிகை மட்டுமே.

பாரிஸிலிருந்து இதுபோல ஒன்றைக் கொண்டுவருவோர் இரு பகுதிகளையும் தனித்தனியே சுற்றுங்கள். மூடியபடி சுற்றினால் விளிம்புகள் ஒன்றோடொன்று மோதி அங்கேதான் சில்லுப் பறக்கும்.