பூஸ்டரை மாற்றுவதா, வேக்குவம் பம்ப் போடுவதா?

பழைய காரில் பிரேக் பெடல் கல்லு மாதிரி இருந்தால் உடனே பூஸ்டர் போச்சு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பூஸ்டர் என்பது என்ஜினின் வேக்குவத்தை, அதாவது உறிஞ்சு விசையை, வைத்து நம் கால் அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும் டப்பா. என்ஜினை அணைத்துவிட்டு, பெடல் இறுகும்வரை நாலைந்து முறை மிதித்து, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்கவே இல்லை, மிதித்துப் பிடிக்கும்போது காலடியில் 'உஸ்ஸ்' என்று காற்றுச் சத்தம் நிற்காமல் வருகிறது என்றால் பெரும்பாலும் உள்ளே டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு கிழிந்திருக்கும், பூஸ்டரை மாற்றுவதுதான் வழி. அங்கே பம்ப் போட்டு ஓட்டையை ஈடுகட்டப் பார்ப்பது வீண் வேலை.

பம்ப் வேறு நோய்க்கான மருந்து: என்ஜின் தரும் வேக்குவம் போதாதபோது அதை ஈடுகட்டுவது. ரேஸ் கேம் (வால்வுகளை அதிக நேரம் திறந்து வைக்கும் கேம்ஷாஃப்ட்) போட்ட என்ஜின்களில் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது, வேக்குவம் படுத்துவிடும். என்ஜினுக்குள் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டில் வேக்குவம் கேஜை மாட்டிப் பாருங்கள்: 18 அங்குலப் பாதரசம் வந்தால் பம்ப் தேவையே இல்லை, 12, 13 என்று முள் ஆடிக்கொண்டிருந்தால் புது பூஸ்டர் போட்டாலும் பெடல் அப்படியேதான் இருக்கும். மின்சார பம்ப் என்றால் இரைச்சல் உண்டு, வயரிங்கும் ரிலேயும் தனியாக வேண்டும். எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது, ஆனாலும் கேமைக் கழற்ற மனசில்லாதவர்களுக்கு அதுதான் சரி.

அப்புறம், எதற்கும் காசைக் கொட்டுமுன் என்ஜினிலிருந்து பூஸ்டருக்குப் போகும் வேக்குவம் ஹோஸையும், காற்றை ஒரு பக்கம் மட்டும் விடும் செக் வால்வையும் பாருங்கள். உள்ளுக்குள் உப்பி, உறிஞ்சும்போது ஒட்டிக்கொள்ளும் பழைய ஹோஸ் வெளியே பார்க்க நல்லாத்தான் இருக்கும்.