முழுக்கட்டையா, ஒட்டிய துண்டுகளா: மரக்கிண்ணம் கடைய எது தோது?

லேத்தில் கிண்ணம் கடைய இரண்டு வழி. ஒரே கட்டையைக் குடையலாம், இல்லையென்றால் சின்னத் துண்டுகளை வளையமாக ஒட்டி, வளையங்களை அடுக்கிக் கடையலாம்.

முழுக்கட்டை வேகம். பச்சை மரமாக இருந்தால் சீவல் நீளநீளமாகப் பறக்கும், மத்தியானத்துக்குள் வடிவம் வந்துவிடும். ஆனால் காயும்போது நீள்வட்டமாகக் கோணும், அதனால் சுவரை விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு தடிமனாக விட்டு, சில மாதம் காயவைத்து, மறுபடியும் கடைய வேண்டும். பெரிய கட்டை வேறு தேட வேண்டும்.

துண்டு முறையில் லேத் வேலை கொஞ்சம்தான், உயிர் போவதெல்லாம் ரம்பத்தில். வளையத்துக்கு 12 துண்டு என்றால் ஒவ்வொன்றின் இரண்டு முனையையும் 15 டிகிரி சாய்வாக வெட்ட வேண்டும். அதில் கால் டிகிரி பிசகினால்கூட 24 வெட்டுக்கும் சேர்ந்து 6 டிகிரி ஆகி, கடைசி மூட்டு வாய் பிளந்து நிற்கும். இரண்டு அரை வளையங்களாக ஒட்டி, முனைகளைத் தட்டையாகத் தேய்த்துச் சேர்த்தால் தப்பிக்கலாம். அப்புறம், மேல் வளையத்துத் துண்டின் நடு கீழ் வளையத்தின் மூட்டுமேல் உட்கார வேண்டும், செங்கல் சுவர் மாதிரி. தேக்கில் எண்ணெய்ப்பசை உண்டு, பசை தடவுமுன் அசிட்டோனால் துடைத்துவிடுங்கள்.

இவ்வளவு பாடுக்கும் பலன் இருக்கிறது: நார் வட்டத்தைச் சுற்றியே ஓடுவதால் கோணல் குறைவு, பட்டறை மிச்சத் துண்டுகளே போதும், இரண்டு நிற மரத்தில் கோலமும் போடலாம்.

புதிதாகப் பழகுபவர் முழுக்கட்டையில் கை வையுங்கள் என்பேன். துல்லியமான ரம்பமும் பொறுமையும் இருந்தால் மட்டும் துண்டு முறை. சரியாக ஒட்டாத மூட்டு சுற்றும்போது தெறிக்கும், முகம் முழுக்க மறைக்கும் தடுப்புக் கவசம் இல்லாமல் லேத்தை ஓட்டாதீர்கள்.