ஈர்க்கு, நூல், பேப்பர் கப்: எல்.பி. வகுப்பில் ஸ்டெம் சவால்கள்

கேரளாவில் பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தமிழ் மீடியம் எல்.பி. (லோயர் பிரைமரி, நான்காம் வகுப்பு வரை) ஸ்கூலில் வேலை செய்கிறேன். பிள்ளைகள் குழுவாகக் கூடிக் கட்டிப் பார்க்கும் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) சவால்களை மூன்றாம், நான்காம் வகுப்புகளில் சில வருடங்களாக நடத்தி வருகிறேன்.

இதற்கென்று கிட் எதுவும் வாங்க வேண்டாம். வடிவமைப்பாளர் பீட்டர் ஸ்கில்மேன் உருவாக்கிய மார்ஷ்மெல்லோ சவாலில் முடிந்தவரை உயரமான கோபுரம் கட்ட வேண்டும். அதற்கு 20 ஸ்பெகட்டிக் (வேகவைக்காத நூடுல்ஸ் மாதிரி) குச்சி, ஒரு கஜம் டேப், ஒரு கஜம் நூல், உச்சியில் வைக்க ஒரு மார்ஷ்மெல்லோ (பஞ்சு மாதிரி மிட்டாய்). நேரம் 18 நிமிடம். எங்களுக்கு ஸ்பெகட்டி தென்னை ஈர்க்கு, மார்ஷ்மெல்லோ சின்ன நெல்லிக்காய். ஒற்றை ஈர்க்கு வளைந்து சாயும். இரண்டு மூன்றைச் சேர்த்துக் கட்டினால் நிற்கும் என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கிறார்கள். சதுரமாகக் கட்டியது கோணிக்கொள்ளும். குறுக்கே ஒரு குச்சி கொடுத்து முக்கோணமாக்கினால் அசையாது.

இதே சவாலைப் பற்றி டாம் வூஜெக் என்ற வடிவமைப்பாளர் 2010 டெட் உரையில் பேசினார். பிசினஸ் ஸ்கூல் முடித்தவர்களைவிடக் கிண்டர்கார்டன் பிள்ளைகள் நன்றாகக் கட்டினார்களாம். காரணம், அவர்கள் ஆரம்பத்திலிருந்தே மார்ஷ்மெல்லோவை வைத்து வைத்துப் பார்க்கிறார்கள். அதனால் நான் விடாமல் கடைப்பிடிப்பது ஒன்றுதான்: ஒரே பீரியடில் இரண்டு சுற்று. ஒரு சுற்றோடு நிறுத்தினால் ஜெயித்த குழு கைதட்டும், மற்றவர்கள் "உன்னாலதான் விழுந்துச்சு" என்று சண்டை போடுவார்கள். இரண்டாவது சுற்று உண்டு என்றால் பேச்சே மாறிவிடும்: "நீ அடியைப் பிடி, நான் கட்டறேன்."

எனக்கு ரொம்பப் பிடித்தது கப் அடுக்குவது. ஒரு ரப்பர் பேண்டில் நான்கு நூல், ஆளுக்கு ஒரு நுனி. கப்பைக் கையால் தொடக்கூடாது. நால்வரும் சேர்ந்து இழுத்தால்தான் பேண்ட் விரியும், சேர்ந்து தளர்த்தினால்தான் கப்பைக் கவ்வும். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண், முதல் சுற்றில் எல்லாம் சரிந்த பிறகு, மெதுவாக "இழு... நில்லு... விடு" என்றாள். அடுத்த சுற்றில் மற்ற மூவரும் அவள் குரலுக்காகக் காத்து நின்றார்கள்.

கோபுரத்துக்கு மூன்று பேர் போதும். நான்காவது ஆள் வேடிக்கைதான் பார்ப்பார். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பேப்பர் கோபுரத்தைத் தள்ளிவிடும். ஜன்னலைச் சாத்திவிட்டு முதல் சுற்று, திறந்துவிட்டு இரண்டாவது. அடிப்பாகத்தை அகலமாக்கத் தானே தோன்றும்.

முட்டையை உடையாமல் மேலிருந்து போடும் சவாலை மட்டும் விட்டுவிட்டேன். சாப்பிடுகிற பொருளைப் பிள்ளைகள் முன்னால் உடைக்க மனம் வரவில்லை. உடைந்த முட்டைக்கு இரண்டாவது சுற்றும் கிடையாது. அப்புறம், ரப்பர் பேண்ட் வெயிலில் இற்றுப்போகும். ஜூனில் ஸ்கூல் திறக்கும்போது புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்.