ஆள் கவனிக்காத டெலிகாம் பங்கை அலச ஸ்க்ரீனர் உதவுமா?

அம்பத்தூர் எஸ்டேட்டில், தொலைபேசி நிறுவனங்களுக்குச் சாதனம் செய்து தரும் சின்னக் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதியவள் நான். அதனாலேயே டெலிகாம் கருவிப் பங்கு என்றால் லாபத்தைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதல் கேள்வி: பில் போட்ட பணம் வந்ததா? இதற்குப் பதில் தேட ஸ்க்ரீனர் டாட் இன் அளவுக்கு வசதியான தளம் எனக்கு வேறு அமையவில்லை. இலவசக் கணக்கே போதும்.

கம்பெனி பெயரைத் தட்டினால் பல வருட வரவு செலவு ஒரே பக்கத்தில் வந்துவிடும். நான் நேராகக் கேஷ் ஃப்ளோ (ரொக்க வரத்துப் போக்கு) அட்டவணைக்குப் போவேன். பத்து வருட நிகர லாபத்தைக் கூட்டுவேன். தொழிலிலிருந்து வந்த ரொக்கத்தையும் கூட்டுவேன். ரொக்கம் லாபத்தில் பாதிகூடத் தேறவில்லை என்றால் அந்தப் பங்கு எனக்கு வேண்டாம்.

ஒரு வருடத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்ல முடியாத தொழில் இது. மார்ச் கடைசியில் லாரி லாரியாகச் சரக்கு கிளம்பும். வருட விற்பனை 100 கோடி, அதில் மார்ச்சில் மட்டும் 40 கோடிக்கு பில் என்று வையுங்கள். மற்ற மாதத்துப் பாக்கி மொத்தமும் வசூலாகியிருந்தாலும், டெட்டர் டேஸ் (பில் போட்ட பணம் வசூலாக ஆகும் நாள் கணக்கு) 146 நாள் என்று காட்டும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது அதற்கு நேர் எதிரானது. வேலை முடிந்திருக்கும், அக்செப்டன்ஸ் டெஸ்ட் (வாடிக்கையாளர் சரிபார்த்து ஏற்கும் சோதனை) முடியாததால் பில் போட்டிருக்க மாட்டார்கள். அந்தத் தொகை கடனாளி கணக்கில் ஏறாமல் வேறு சொத்துகளோடு போய் உட்கார்ந்துகொள்ளும். டெட்டர் டேஸ் குறைவாக, அழகாகத் தெரியும். பேலன்ஸ் ஷீட்டில் ‘அதர் அசெட்ஸ்’ பக்கத்திலுள்ள கூட்டல் குறியை அழுத்தினால் பிரித்துக் காட்டுகிறது. நான் அடிக்கடி தொடுகிற பொத்தான் அதுதான்.

பி.இ. விகிதத்தை (ஒரு பங்கின் லாபத்தைப் போல அதன் விலை எத்தனை மடங்கு என்பது) நம்பி இந்தத் துறைக்குள் வருபவர்கள் தேஜஸ் நெட்வொர்க்ஸ் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்க்கலாம். 2023-24இல் விற்பனை சுமார் 2,471 கோடி. பி.எஸ்.என்.எல். 4ஜி ஆர்டரால் அடுத்த ஆண்டு 8,900 கோடியைத் தாண்டியது, லாபம் 447 கோடி. அப்புறம் 2025 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் விற்பனை 202 கோடிதான். நஷ்டம் சுமார் 194 கோடி. டாடா குழுமத்தில் இருக்கிற கம்பெனிக்கே இந்த ஏற்ற இறக்கம். 150 கோடி சந்தை மதிப்புள்ள கம்பெனியில் ஒரே ஒரு டெண்டர் தள்ளிப்போனால் வருடமே போச்சு.

தளம் தானாக எழுதிக் காட்டும் நிறை குறைப் பட்டியலை ஓர் அடையாளக் கல்லாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அது கம்ப்யூட்டர் போடும் பட்டியல் என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

உண்மையான புதையல் கீழே ஆவணங்கள் பகுதியில் இருக்கும் கிரெடிட் ரேட்டிங் அறிக்கைகள். சின்னக் கம்பெனிக்குப் பெரும்பாலும் கான்கால் (நிர்வாகம் முதலீட்டாளர்களோடு போனில் பேசும் கூட்டம்) இருக்காது, தரகு நிறுவன அறிக்கை இருக்காது. வங்கிக் கடனுக்காக ரேட்டிங் வாங்கியிருந்தால், வெளியாள் ஒருவர் கணக்கைக் குடைந்து எழுதிய ஒரே தாள் அநேகமாக அதுதான். வொர்க்கிங் கேப்பிட்டல் லிமிட்டில் (அன்றாடத் தொழிலுக்கு வங்கி தரும் கடன் வரம்பு) எவ்வளவு பயன்படுத்துகிறார்கள், பாக்கி எங்கே நிற்கிறது, எந்த வாடிக்கையாளரை நம்பி ஓடுகிறது என்றெல்லாம் அதில் இருக்கும். அழகான வரைபடமும் குறைந்த கடனுமாக என்னை மயக்கிய ஒரு கம்பெனியின் (பெயர் வேண்டாம்) ரேட்டிங் தாளில் ‘இஷ்யூயர் நாட் கோஆப்பரேட்டிங்’ என்று போட்டிருந்தது. தகவல் கேட்டால் கொடுப்பதில்லை என்று அர்த்தம். ரேட்டிங் ஏஜென்சிக்கே கணக்கு காட்டாதவர், 200 பங்கு வைத்திருக்கும் எனக்கா காட்டப்போகிறார்?

வாடிக்கையாளர் விவரத்துக்கு ஆண்டறிக்கைக்குள்ளேயே போக வேண்டும். அதுவும் அதே பகுதியில் பி.டி.எஃப்.பாகக் கிடைக்கிறது. செக்மெண்ட் (தொழில் பிரிவு) குறிப்பில், வருமானத்தில் 10 சதவீதமோ அதற்கு மேலோ தரும் வாடிக்கையாளர்கள் இருந்தால் சொல்லியாக வேண்டும் என்பது கணக்கியல் விதி. பெயர் சொல்லாமல் விடலாம், தொகை இருக்கும். தாமத அபராதம் தொடர்பான வழக்கு ஏதும் உண்டா என்பதைக் கண்டிஜெண்ட் லயபிலிட்டி (பின்னால் தலையில் விழலாம், விழாமலும் போகலாம் என்ற பொறுப்பு) குறிப்பில் தேடுங்கள்.

இப்போதைக்கு இரண்டு கம்பெனிகளுக்கு ‘ஃபாலோ’ கொடுத்து வைத்திருக்கிறேன். செப்டம்பர் அரையாண்டு முடிவோடு கேஷ் ஃப்ளோவும் வரும். அதைப் பார்க்காமல் வாங்குவதாக இல்லை.