அமெரிக்க சம்மர் கேம்ப் வேலை என்று ஆஃபர் லெட்டர் வந்திருக்கிறதா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

மாதம் 3,500 டாலர் சம்பளம், சாப்பாடும் தங்குமிடமும் இலவசம், விமான டிக்கெட் கேம்பின் பொறுப்பு, ஆங்கிலத் தேர்வு வேண்டாம், வயது 17 முதல் 35, ஓராண்டு ஒப்பந்தம். கல்லூரி வாட்ஸ்அப் குழுக்களிலும் டெலிகிராமிலும் சுற்றும் விளம்பரங்கள் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். கீழே ஒரு கூகுள் ஃபார்ம். நிரப்பி அனுப்பினால் மறுநாளே ஆஃபர் லெட்டர். ஏரி, மரவீடு, படகு என்று அழகான படங்கள். மேலே அமெரிக்காவில் உண்மையாகவே இயங்கும் ஏதோ ஒரு சம்மர் கேம்பின் (கோடை விடுமுறையில் பிள்ளைகள் தங்கும் முகாமின்) பெயர், முகவரி, லோகோ. பெயரை கூகுளில் தேடினால் கேம்ப் வந்து நிற்கும், அப்பா அம்மாவும் நம்பிவிடுவார்கள். மின்னஞ்சல் முகவரி மட்டும் ஜிமெயிலாக இருக்கும், அல்லது கேம்பின் உண்மையான இணைய முகவரியோடு ஒப்பிட்டால் ஓர் எழுத்து மாறியிருக்கும்.

அந்த விளம்பரத்தில் சாப்பாடும் தங்குமிடமும் தவிர மற்றவற்றில் பெரும்பாலானவை உண்மையான கேம்ப் வேலைக்குப் பொருந்தாது.

முதலில் சம்பளம். ஆண்டில் ஏழு மாதத்துக்கு மேல் இயங்காத கேம்ப் போன்ற பருவகால நிறுவனங்களுக்கு அமெரிக்க மத்தியச் சட்டத்தின் குறைந்தபட்சக் கூலி விதியிலிருந்து விலக்கு உண்டு. எட்டு முதல் பத்து வாரம் பிள்ளைகளோடு ஒரே கேபினில் படுத்து எழுந்து வேலை பார்த்தாலும், பல கேம்ப்களில் மொத்த சீசனுக்கும் சேர்த்து ஓரிரு ஆயிரம் டாலர்தான் கைக்கு வரும். பணம் சேர்ப்பதற்கான வழியே இல்லை இது. மாதம் 3,500 என்று ஒருவர் சொன்னால், வெளிநாட்டுச் சம்பளம் என்றாலே நம் ஊரில் எந்தத் தொகை எதிர்பார்க்கப்படுகிறது என்று கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார், அவ்வளவுதான்.

அடுத்து வயதும் காலமும். கேம்ப் கவுன்சிலராக, அதாவது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவராக, வெளிநாட்டவர் போகும் வழி ஜே-1 எனப்படும் பரிமாற்றத் திட்ட விசா. அதில் கேம்ப் கவுன்சிலர் என்றே தனிப் பிரிவு இருக்கிறது. குறைந்தது 18 வயது நிறைந்திருக்க வேண்டும். அதிகபட்சம் நான்கு மாதம். ஓராண்டு ஒப்பந்தமும் கிடையாது, 'அங்கே போய் நீட்டித்துக்கொள்ளலாம்' என்பதும் கிடையாது. முடிந்ததும் ஊர் திரும்ப 30 நாள் அவகாசம் உண்டு, அந்த நாட்களில் வேலை செய்யக் கூடாது. கேம்ப்களின் சீசன் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. அக்டோபரில் ஜாய்னிங் என்று தேதி போட்ட சம்மர் கேம்ப் லெட்டர் வந்தால், எழுதியவருக்கு அந்த ஊரில் சம்மர் எப்போது என்றே தெரியவில்லை என்று அர்த்தம்.

வேலையின் தன்மையையும் பாருங்கள். கவுன்சிலர் பிரிவில் போகிறவரைச் சமையல்காரராகவோ, பாத்திரம் கழுவவோ, துப்புரவுக்கோ, அலுவலக நிர்வாகத்துக்கோ வைக்கக் கூடாது என்று அந்தத் திட்டத்தின் விதியே சொல்கிறது. கேம்ப் சமையலறை போன்ற வேலைகளுக்கு ஜே-1 இல் சம்மர் வொர்க் டிராவல் என்ற வேறு பிரிவு. அதற்குக் கல்லூரியில் முழுநேரம் படித்துக்கொண்டிருக்க வேண்டும், குறைந்தது ஒரு செமஸ்டர் முடித்திருக்க வேண்டும். படிப்பை முடித்து மூன்று வருடமாகக் கடையில் வேலை பார்ப்பவருக்குக் 'கேம்ப் கிச்சன் ஸ்டாஃப், ஜே-1' என்று லெட்டர் வந்தால் அது நடக்காத காரியம்.

இந்த விசாவின் அடிப்படைக் காகிதம் டிஎஸ்-2019 என்ற படிவம். அதைக் கேம்ப் தராது, ஏஜென்ட்டும் தர முடியாது. அமெரிக்க வெளியுறவுத் துறை அனுமதித்த ஸ்பான்சர் நிறுவனங்கள் மட்டுமே வழங்க முடியும். அந்த நிறுவனங்களின் பட்டியலைத் துறையின் ஜே-1 விசா இணையதளத்தில் பிரிவு வாரியாக யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். விதிப்படி ஸ்பான்சர் உங்களை நேர்காணல் செய்ய வேண்டும். உங்கள் ஆசிரியரிடமோ வேலை கொடுத்தவரிடமோ பரிந்துரை வாங்க வேண்டும். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே எந்தக் கேம்ப் என்று உறுதி செய்ய வேண்டும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்பதால் போலீஸ் சான்றும் மருத்துவப் படிவமும் கேட்பார்கள். இவ்வளவையும் தாண்டி வர வாரக்கணக்கில் ஆகும். ஒருவர்கூட உங்களோடு பேசாமல் 24 மணி நேரத்தில் வேலை உறுதியானால் அந்த வேலை இல்லை.

ஏமாந்தவர்களின் வாட்ஸ்அப் உரையாடல்களை வரிசைப்படுத்தினால் பணம் கழன்ற விதம் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். ஆஃபர் லெட்டருக்குப் பின் கேம்ப் டைரக்டர் என்பவர் ஒதுங்கிக்கொள்வார். 'எங்கள் அங்கீகரிக்கப்பட்ட டிராவல் ஏஜென்ட் அல்லது இமிக்ரேஷன் வக்கீல் இவர்தான், இவர் வழியாக மட்டும் விசா செய்ய வேண்டும்' என்று இன்னொரு நம்பர் வரும். முதல் தொகை சின்னது, பதிவுக் கட்டணம் என்று நாலைந்தாயிரம். அதைக் கட்டியவர் அடுத்ததையும் கட்டுவார் என்பது அவர்களுக்குத் தெரியும். பிறகு டிஎஸ்-2019 கட்டணம், செவிஸ் (வெளிநாட்டு மாணவர்களையும் பரிமாற்றத் திட்டத்தில் வருபவர்களையும் பதியும் அமெரிக்க அரசின் கணினிப் பதிவேடு) கட்டணம், இன்சூரன்ஸ், விசா நேர்காணல் ஸ்லாட் புக்கிங், கடைசியில் 'முதல் சம்பளத்தோடு திருப்பித் தரப்படும்' டெபாசிட். ஒவ்வொன்றுக்கும் இன்று மாலை ஐந்து மணிதான் கெடு. பணம் போவது தனிநபர் பெயரில் உள்ள யுபிஐ கணக்குக்கு. பணம் அனுப்பும் முன் திரையில் காட்டும் பெயர் நிறுவனத்தின் பெயராக இல்லாமல் யாரோ ஒரு தனி ஆளாக இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அந்த ஆளும் கணக்கை வாடகைக்கு விட்டவராக இருக்கலாம்.

இதில் கவனிக்க வேண்டியது, பணம் கேட்டாலே மோசடி என்று சொல்லிவிட முடியாது. உண்மையான ஸ்பான்சர்களும் அவர்களின் இந்தியக் கூட்டாளிகளும் திட்டக் கட்டணம் வாங்கத்தான் செய்கிறார்கள். வித்தியாசம் தெரிவது அரசுக் கட்டணங்களில். ஜே-1 விசா விண்ணப்பக் கட்டணம் 185 டாலர்; அதை அமெரிக்க விசா நேரம் பதியும் அதிகாரப்பூர்வத் தளத்தில் உங்கள் பெயரில் தொடங்கிய கணக்கு வழியாகக் கட்ட வேண்டும். ஐ-901 எனப்படும் செவிஸ் கட்டணம் மற்ற பல ஜே-1 பிரிவுகளுக்கு 220 டாலர். கேம்ப் கவுன்சிலருக்கும் சம்மர் வொர்க் டிராவலுக்கும் 35 டாலர் மட்டுமே. 350 என்பது எஃப்-1 எனப்படும் மாணவர் விசாவில் போகிறவர்களுக்கான தொகை. கேம்ப் வேலைக்கு 220, 350 என்று கேட்கிற ஏஜென்டுக்கு இந்த வேலையே தெரியாது, அல்லது நன்றாகவே தெரியும். இரண்டு கட்டணத்தையும் கட்டும் முன் அரசுத் தளங்களிலேயே ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள், மாற்றங்கள் வரும்.

டிஎஸ்-2019 கைக்கு வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். இப்போது ஸ்பான்சர்கள் மின்னணுக் கையெழுத்திட்டு மெயிலிலேயே அனுப்பலாம் என்பதால் பிடிஎஃப் என்பதை வைத்து மட்டும் போலி என்று சொல்ல முடியாது. மேலே 'என்' என்ற எழுத்தும் அதையொட்டிப் பத்து இலக்கமும் கொண்ட செவிஸ் எண், ஸ்பான்சரின் பெயர், 'பி' என்று தொடங்கும் திட்ட எண், கேம்ப் கவுன்சிலர் என்ற பிரிவு ஆகியவை இருக்க வேண்டும். இதெல்லாம் ஃபோட்டோஷாப்பில் போடக்கூடியவைதான். ஆகவே ஒரே வழி, படிவத்தில் உள்ள ஸ்பான்சரின் தொடர்பை வெளியுறவுத் துறைப் பட்டியலிலிருந்து எடுத்து, நேரடியாகக் கேட்பது. லெட்டரில் அச்சிட்டுள்ள நம்பரைக் கூப்பிடாதீர்கள்; அதை எடுப்பவர் லெட்டர் எழுதியவரே. அதேபோல் கேம்பின் உண்மையான இணையதளத்திலிருந்து மெயில் ஐடி எடுத்து, இந்தப் பெயரில் ஆஃபர் கொடுத்தீர்களா என்று இரண்டு வரி எழுதுங்கள்.

பணம் போவதைவிடப் பெரிய சேதம் இதற்கு அடுத்த கட்டத்தில்தான் இருக்கிறது. சில கும்பல்கள் ஓடிவிடாமல், போலிப் படிவத்தைக் கையில் கொடுத்து உண்மையான விசா நேர்காணலுக்கே அனுப்பிவைக்கின்றன. சென்னைத் துணைத் தூதரகத்தில் அதிகாரியின் கணினியில் அந்த செவிஸ் எண் வராது. 'ஏஜென்ட் கொடுத்தார்' என்ற பதிலை அங்கே எடுத்துக்கொள்வது கடினம். ஊர் திரும்பி வருவீர்கள் என்று நம்பவைக்கும் சொந்த நாட்டுப் பிணைப்பைக் காட்டவில்லை என்று 214(பி) பிரிவில் மறுத்தால் அடுத்த வருடம் திரும்ப விண்ணப்பிக்கலாம். தெரிந்தே பொய்த் தகவலோ போலி ஆவணமோ கொடுத்ததாக முடிவானால் வாழ்நாள் முழுதும் தகுதியின்மை. சிறப்பு விலக்கு கிடைக்காமல் மேற்படிப்புக்குக்கூடப் போக முடியாது.

அதனால் டிஎஸ்-160 எனப்படும் இணையவழி விசா விண்ணப்பத்தை நீங்களே நிரப்புங்கள். வேறு யாராவது நிரப்ப உதவினார்களா என்று கடைசியில் ஒரு கேள்வி வரும். உதவியிருந்தால் 'ஆம்' என்று சொல்லி அவர் விவரத்தைத் தர வேண்டும். ஏஜென்ட் நிரப்பிவிட்டாலும் கையெழுத்து உங்களுடையது, பொறுப்பும் உங்களுடையது. கல்லூரி, வேலை, உறவினர் பற்றி அவர் கதை கட்டியிருந்தால் நேர்காணலுக்கு முன்பே புதிய டிஎஸ்-160 போட்டுத் திருத்திவிடலாம்.

உண்மையான விண்ணப்பத்தில்கூடத் தமிழ்நாட்டு மாணவர்கள் சிக்கும் இடம் ஒன்று உண்டு. அமெரிக்க கேம்ப் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நடக்கும். நம் கல்லூரிகள் பல ஜூன், ஜூலையிலேயே திறந்துவிடும். 'வகுப்பு தொடங்கிவிடுமே, எப்படிப் போகிறாய்?' என்று அதிகாரி கேட்டால் கையில் கல்லூரியின் அனுமதிக் கடிதம் இருக்க வேண்டும். இதை முதலிலேயே சொல்லாமல் கட்டணம் வாங்கி, விசா மறுத்த பின் 'விசா எங்கள் கையில் இல்லை' என்று கைகழுவும் கன்சல்டன்சிகளும் உண்டு. மோசடிக் கணக்கில் வராது, மோசமான சேவைக் கணக்கில் வரும். ஒப்பந்தத்தில் மூன்று நிலைமைக்கும் தனித்தனியாகப் பணம் எவ்வளவு திரும்பும் என்று பாருங்கள்: கேம்ப் கிடைக்காவிட்டால், விசா மறுத்தால், நீங்களே விலகினால். பெரும்பாலும் முதல் ஒன்றுக்கு மட்டும் எழுதியிருப்பார்கள்.

'டூரிஸ்ட் விசாவில் போய் கேம்பில் சேர்ந்துகொள், அங்கே மாற்றிக்கொள்ளலாம்' என்று யோசனை சொல்பவரிடம் ஒரு நிமிடம்கூட நிற்காதீர்கள். அந்த விசாவில் சம்பள வேலை செய்யக் கூடாது. அமெரிக்க விமான நிலையத்தில் ஆஃபர் லெட்டரோடு பிடிபட்டு அங்கேயே வெளியேற்றும் உத்தரவு போட்டால் ஐந்து வருடம் நுழைய முடியாது.

ஏற்கெனவே அமெரிக்காவிலோ கனடாவிலோ படிக்கிற மாணவர்களுக்கு வேறு தூண்டில். கேம்ப் டைரக்டர் முன்பணமாகச் செக் அனுப்புவார், தொகை கொஞ்சம் அதிகமாக இருக்கும். 'உன் பங்கை வைத்துக்கொண்டு மீதியை சப்ளையருக்கு அனுப்பு' என்பார். வங்கி ஓரிரு நாளில் கணக்கில் பணத்தைக் காட்டும். செக் போலி என்று திரும்பச் சில வாரம்கூட ஆகும். அதற்குள் நீங்கள் அனுப்பியது உங்கள் சொந்தப் பணம்.

முறையாகப் போய்ச் சேர்ந்தவர்களுக்கு இரண்டு செய்தி. மருத்துவ இன்சூரன்ஸ் ஒரு நோய்க்கு அல்லது விபத்துக்குக் குறைந்தது 1,00,000 டாலர் வரை தாங்க வேண்டும் என்பது ஜே-1 விதி. பாலிசியைக் கேட்டு வாங்குங்கள். பாஸ்போர்ட்டைக் கேம்ப் பிடுங்கி வைத்தாலோ, சொன்ன வேலை மாறினாலோ முதலில் ஸ்பான்சர், அவர் கேட்காவிட்டால் வெளியுறவுத் துறையின் ஜே-1 அவசர எண் 1-866-283-9090.

பணம் போய்விட்டது என்றால் உடனே 1930. சைபர் குற்ற எண் இது. பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க வேண்டும் என்பதால் மணிக்கணக்கு முக்கியம். தேசிய சைபர் குற்றத் தளத்திலும் புகார் பதியுங்கள். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் வங்கி தரும் யுடிஆர் என்ற அடையாள எண், வங்கி அறிக்கை, சாட் முழுதும் தேவை. கோபத்தில் சாட்டை அழித்துவிடாதீர்கள். ஆதார் நகல் கொடுத்திருந்தால் பயோமெட்ரிக்கைப் பூட்டுங்கள். ஏஜென்ட் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு மிரட்டினால், அது இந்திய அரசின் சொத்து, தனியார் பிடித்து வைக்க உரிமை இல்லை என்று புகாரில் எழுதுங்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் 1983 குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பெயர் இருக்கிறதா என்று இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் தேடலாம், சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகமும் இருக்கிறது. இலங்கையில் இருப்பவர்கள் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 எண்ணை அழைக்கலாம்.

புகார் கொடுத்ததைச் சமூக ஊடகத்தில் எழுதினால் சில நாளில் இன்னொருவர் வருவார். சைபர் நிபுணர், வக்கீல், 'போன பணத்தில் 80 சதவீதம் மீட்டுத் தருகிறேன், முன்பணம் 6,000' என்பார். அவர் கையில் உங்கள் பெயரும் நீங்கள் இழந்த தொகையும் சரியாக இருந்தால், அந்த விவரம் எங்கிருந்து போயிருக்கும் என்று யோசித்துவிட்டு அந்த நம்பரையும் அதே புகாரில் சேர்த்துவிடுங்கள்.